விழித்தால் கையில் ஒரு சாவி

போன மாதம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு. மாத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்து தூக்கம் கெட்டிருந்தது, வலிப்பு வர அது போதும். கண் விழித்தபோது ஒருக்களித்துக் கிடக்கிறேன், தலைக்கடியில் யாருடைய காலேஜ் பேக்கோ. பக்கத்தில் ஒரு பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை விலகி நிற்கச் சொல்லிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, பைய எந்திச்சா போதும்" என்றாள். நான் அவளுக்கு ஒரு நன்றி சொன்னேனா? இல்லை. வலது கையைத் திறந்து பார்த்தேன். மூடினேன், மறுபடியும் திறந்தேன். பிறகு தரையைத் தடவ ஆரம்பித்தேன்.

"எதத் தேடுதீங்க?"

"சாவி."

"வீட்டுச் சாவியா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் நாக்கு அப்படித்தான், ஊறவைத்த அவல் மாதிரி கிடக்கும். தங்கமான பிள்ளை அது. பெஞ்சுக்கடியிலெல்லாம் குனிந்து தேடியது, டீக்கடைக்காரரையும் தேடவைத்தது. கடைசியில் முகம் வாடி, "இங்க ஒரு சாவியும் இல்ல ஆன்ட்டி" என்றது. இல்லாத சாவியை அது எங்கே போய்க் கண்டுபிடிக்கும்!

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், மனசு தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வலிப்புக்குச் சுழலி என்றுதான் பேர். ஒருத்திக்குச் சுழலி வந்தால் ஊரே இரும்பைத் தேடி ஓடும். இரும்பைக் கையில் கொடுத்தால் இழுப்பு அடங்கும் என்று நம்பிக்கை. இழுப்பு கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும், பேர் இரும்புக்குப் போய்விடும். இரும்பு என்றால் சட்டென்று அகப்படுவது சாவிதானே. பள்ளிக்கூடத்தில் அசெம்பிளியில் முதன்முதலாக விழுந்து விழித்தபோது என் கையில் ஆபீஸ் ரூம் சாவி இருந்தது. அதன் பிறகு எத்தனையோ. ரேஷன் கடைச் சாவி, சர்ச் மணி அடிக்கிறவருடைய பெரிய சாவி, ஒருதடவை சைக்கிள் கடை ஸ்பானர். விழுந்தது எதுவும் எனக்கு நினைவில் இருக்காது. கையில் இருப்பதை வைத்துத்தான் எங்கே விழுந்தேன், யார் யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வேன். அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அம்மா போவாள். ரேஷன் கடைக்காரர் கடையைப் பூட்ட முடியாமல் காத்துக்கொண்டிருப்பார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு போய், தலையைக் குனிந்துகொண்டே திரும்பி வருவாள். எனக்கு நோயைவிட அந்த நடைதான் பெரிய வெட்கம்.

உள்ளங்கையில் இரும்பு மணம் மட்டும் அன்றைக்கு முழுக்க நிற்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. இன்றைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தால் இறங்கியதும் கையை முகர்ந்து பார்ப்பேன். பார்க்கிறவர்கள் கோட்டி என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

மணம் என்றதும் இன்னொன்று. விழுவதற்கு முன்னால் எனக்கு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற மணம் வரும். பேச்சிப்பாறைப் பக்கம் மாமா வீட்டில் இருக்கும் அதே மணம். எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. அந்தப் புகை எனக்குள்ளே இருந்துதான் வருகிறது என்று எனக்குச் சொன்னவள் புனிதா. டாக்டர் அதையே பிறகு இங்கிலீஷில் சொன்னார்.

புனிதா கடியப்பட்டணத்துக்காரி. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர். மாதத்துக்கு ஒருதடவை அவள் திங்கள்சந்தை வழியாக பஸ் ஏறி இரணியல் ஸ்டேஷனுக்கு வருவாள். அங்கே நானும் என் அம்மாவும் நிற்போம். அவளுடைய அம்மா கூட வருவாள். பெரிய மீன் வியாபாரி, குரல் எடுத்தால் பிளாட்பாரம் அதிரும். தாய்மார் ரெண்டு பேரும் ஒரு சீட், நாங்கள் எதிர் சீட். ரயில் கிளம்பியதும் முதல் கேள்வி இதுதான்.

"ஏட்டி, இந்த மாசம் ஒனக்கு என்ன சாவி?"

"ஒண்ணும் இல்ல. ஒனக்கு?"

"ஐஸ் ஒடைக்கிய கம்பி. பாத்தவன் எவனோ அதக் கொண்டு கையில திணிச்சிருக்கான். நல்லவேள, நங்கூரம் கிட்ட இல்ல!"

ரயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்போம். அவளுடைய அம்மா அதட்டுவாள், "பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" எங்களுக்குச் சிரிக்க வேறு இடம் கிடையாது. ஊரில் நாங்கள் ரெண்டு பேரும் சுழலிக்காரிகள். அந்த ரயிலில் மட்டும்தான் சும்மா ரெண்டு பெண்பிள்ளைகள்.

கடலைப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்குக் கடலில் கால் நனைக்க அனுமதி கிடையாது. எனக்குக் குளம் கிடையாது. டாக்டர் ரெண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, தானாக நிறுத்தவே கூடாது. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும், கையில் ஒன்றும் திணிக்க வேண்டாம். முக்கியமாக, குளிக்கும்போது கதவுக்குக் கொண்டி போடக் கூடாது. எங்கள் வீட்டில் நான் குளிக்கப் போனால் கதவைச் சும்மா சாத்திவிட்டு மேலே ஒரு சிவப்புத் துண்டு போடுவேன். அதைப் பார்த்தால் அப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். புனிதா வீட்டில் துண்டெல்லாம் இல்லை. அவள் குளித்து முடிக்கிறவரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு நின்றால் அம்மா பாய்ந்து வருவாள். "பாடிப் பாடியே எனக்குத் தொண்ட கெட்டுப்போச்சு மக்கா" என்பாள்.

அவளுக்கு மணமெல்லாம் வராது. ஒரு குரல் வரும். பின்னால் இருந்து யாரோ "ஏட்டி" என்று கூப்பிடுவார்களாம்.

"யாருக்க சத்தம்?" என்று ஒருதடவை கேட்டேன்.

"தெரிஞ்சவ மாதிரிதான் இருக்கும். திரும்புவேன். மொகத்தப் பாக்கதுக்கு முன்ன விழுந்திருவேன்."

"அப்ப திரும்பாத."

"கூப்பிட்டா திரும்பாம இருக்க முடியுமா?"

அவள் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கல்ஃபில் ஏசி மெக்கானிக் வேலை. அவருக்கோ அவர் வீட்டாருக்கோ புனிதாவின் சுழலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் அவளுடைய கடைசி ரயில் பயணம்.

"சொல்லிரு மக்கா" என்றேன். "கெட்டப்போற மனுஷன்கிட்ட மட்டுமாவது சொல்லு."

"சொன்னா எனக்க கலியாணம் மட்டுமா போவும்? எனக்க கீழ ரெண்டு பேரு நிக்கு. அதுகளுக்கும் சுழலி உண்டாண்ணுதான் கேப்பாவ."

"மாத்திரைய என்ன செய்வ?"

அவள் எதிர் சீட்டைக் கண்ணால் காட்டினாள். அவளுடைய அம்மாவிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கல்யாண வீட்டில் அதைப் பார்த்தேன். புனிதாவின் இடுப்பில், பட்டுச் சேலைக்குள், கறுப்புக் கயிற்றில் ஒரு பழைய இரும்புச் சாவி. புதுப்பெண் இடுப்பில் சாவி இருந்தால் பீரோ சாவி என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள். இரும்பு எப்போதும் உடம்பில் கிடந்தால் சுழலி கிட்டவே வராது என்று அவள் அம்மா உறுதியாக நம்பினாள். மகளின் கல்யாணப் பெட்டியில் நான் ஒளித்துவைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து வீசிவிட்டு அந்தச் சாவியைக் கட்டி அனுப்பியிருக்கிறாள். கெட்ட மனுஷி இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை.

"இத அவுத்து எறி, மாத்திரைய நான் யாருக்கும் தெரியாம கொண்டு தாறேன்" என்று காதில் சொன்னேன். "வேண்டாம் மக்கா, கண்டுபிடிச்சா அம்மைக்குத்தான் மானக்கேடு" என்றாள்.

மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் செய்தி வந்தது. பாத்ரூமில், வாளித் தண்ணீரில் முகம் கவிழ்ந்து. உள்ளே கொண்டி போட்டிருந்தது. போடாமல் என்ன செய்வாள்? புது வீட்டில், மாமனார் நடமாடுகிற இடத்தில், கதவைச் சும்மா சாத்திவிட்டுக் குளிக்க என்ன காரணம் சொல்வாள்? புதுப்பெண் பாடிக்கொண்டா குளிப்பாள்? அவ்வளவு பெரிய கடல் தொடாத பிள்ளையை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

போயிருந்தேன். அவள் புருஷன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவை இடித்துத் திறந்ததில் தோள்பட்டை வீங்கியிருந்தது. கையில் அந்தச் சாவி.

"நீங்க அவளுக்க கூட்டுக்காரிதானே? இது எங்க பீரோவுக்குச் சேரல்ல. எதுக்க சாவி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தக் கொண்டிய நானே கழத்தி எறிஞ்சிருப்பனே" என்றார்.

செத்த பிறகு யாரும் சொல்லலாம். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு அதை மறக்க நான் படாத பாடு இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். என்னைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு டீ கொண்டுபோன தட்டில் மாத்திரை அட்டையையும் வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவர்கள் மிக்சரை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள், ஊரில் என் பேர் நாறியது. கடைசியாக வந்தவர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டார். அவர்தான் இப்போது பக்கத்து அறையில் குறட்டை விடுகிறவர். எங்கள் பாத்ரூம் கதவில் கொண்டி கிடையாது. கழற்றிய இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன.

இப்போது யாரும் சாவியைத் தேடி ஓடுவதில்லை. பள்ளிக்கூடத்திலும் போனிலும் பார்த்து, காலேஜ் பிள்ளைகள் எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ரொம்ப நல்லது. ஆனால் ரயிலில் எதிர் சீட்டில் இருந்து "இந்த மாசம் என்ன சாவி?" என்று கேட்க ஆள் இல்லை.

தக்கலையில் நடந்ததில் ஒன்றை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்குப் புகை மணமே வரவில்லை. விழப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பின்னால், ரொம்பப் பக்கத்தில், "ஏட்டி" என்று ஒரு குரல். டாக்டரிடம் குரல் கேட்டது என்று மட்டும் சொன்னேன். வயசாக ஆக இப்படி மாறலாம் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார். யாருடைய குரல் என்று அவர் கேட்கவில்லை. பாடிப் பாடிக் கெட்டுப்போன தொண்டை அது, எனக்குத் தெரியாதா?

கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க முடியுமா? திரும்பினேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விழுந்துவிட்டேன்.