நூற்றெட்டுக் கிலோவுக்கான இருக்கை

என் சித்தப்பா தராசு ரிப்பேர் செய்பவர். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு கடை. காய்கறிக் கடைத் தராசு முதல் நகைக்கடைத் தராசு வரை எது கோணினாலும் அவரிடம்தான் வரும். நேராக இல்லாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒருமுறை பல் பிடுங்கப் போனவர், வாயைத் திறந்தபடியே சுவரிலிருந்த படத்தைக் கைகாட்டி, அதை நிமிர்த்திய பிறகுதான் பிடுங்கவே விட்டார். அந்தப் பல் டாக்டர் அன்றிலிருந்து அவருக்குச் சிநேகிதர்.

ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, "வாம்மா" என்பதற்கு முன்பே, "அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கே" என்றார். கல்யாண வீடுகளில் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது சித்தி போட்ட சட்டம்.

ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய படகை வாங்கி, மூன்று வருஷம் மல்லுக்கட்டி அதற்கு உயிர் கொடுத்திருந்தார். உளுத்த பலகைகளை மாற்றி, தார் பூசி, பச்சைப் பெயின்ட் அடித்து எல்லாம் ஆயிற்று. கிடைத்த எஞ்சின்தான் பெரிது. நடுவில் நுழையாமல் இடது பக்கமாகத்தான் உட்கார்ந்தது. வேறு யாராவது என்றால் வலது பக்கம் நாலு மணல் மூட்டையைப் போட்டிருப்பார்கள். சித்தப்பா பேக்கரிக்காரரைப் போட்டார்.

பேக்கரிக்காரர் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். நூற்றெட்டுக் கிலோ. வலது பக்கம் அவருக்கென்று ஓர் இருக்கை. அதில் '108' என்று பொறித்த பித்தளைத் தகடு. அவர் உட்கார்ந்ததும் படகு நூல் பிடித்தாற்போல் நிமிரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரி நடுவில் நங்கூரம் போட்டு, சித்தப்பா, பேக்கரிக்காரர், பல் டாக்டர் மூவரும், நாலாவது கைக்கு நானுமாகக் கேரம் ஆடுவோம். தானாக ஒரு காய் நகராது. நான் பதினோரு நாடுகளில் படகு ஏறியிருக்கிறேன். எதிலும் கேரம் போர்டு வைக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு, யாரும் தொடாமலே சிவப்புக் காய் கிளம்பிப்போய் இடது குழியில் விழுந்தது.

"இந்தப் பாயின்ட் யாருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"ஏரிக்கு" என்றார் பேக்கரிக்காரர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

சித்தப்பா சிரிக்கவில்லை. அந்த வாரம் அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். கசிவு இல்லை. எஞ்சினை இறக்கி நிறுத்தார். பல் டாக்டரையும் என்னையும் நிறுத்தார். ஒருவரும் கூடவில்லை. பேக்கரிக்காரரை மட்டும் நிறுக்கவில்லை.

"அவனைப் பார்த்தாலே போதும்மா. நூத்தெட்டு. ஒரு பன்னு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அடுத்த ஞாயிறு இரண்டு காய்கள் ஓடின. அதற்கடுத்த ஞாயிறு, டீ டம்ளரும்.

சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணு ஒண்ணு சொல்லுது, படகு ஒண்ணு சொல்லுது. படகு பொய் சொல்லாது. அப்போ என் கண்ணுதான் போச்சு" என்றார்.

"போச்சுன்னா நல்லதுதான். என்னைப் பார்த்து, இளைச்சிட்டேன்னு ஒரு தடவை சொல்லச் சொல்லு" என்று சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

ஆனால் சித்தப்பா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 'கடை விற்பனைக்கு' என்று ஒரு பலகையில் எழுதி, காய வைத்திருந்தார். எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்து வேறு பார்த்தார்.

அடுத்த ஞாயிறு போர்டைச் சுற்றி உட்கார்ந்ததும் சொன்னார்: "நாளைக்குக் கடையில பலகை மாட்டிடுவேன். முப்பத்திரண்டு வருஷம் போதும். கண்ணு போன தராசுக்காரன் ஊரை ஏமாத்தக் கூடாது."

பேக்கரிக்காரர் கையிலிருந்த ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார். "டேய், உன் கண்ணு ஒண்ணும் போகலடா."

"நீ ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்லடா. இரு, காட்டுறேன்."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எழுந்து நின்றார். அந்த இருக்கையிலிருந்து எழுந்தால் படகு சும்மா இருக்குமா? ஒரே ஆட்டம். பேக்கரிக்காரர் மல்லாந்தபடி ஏரிக்குள் போனார்.

மூழ்கவில்லை. வயிறு மேலே தெரிய, காற்றடைத்த பந்து மாதிரி மிதந்தார். அப்புறம் மிச்சப் பொத்தான்களும் தெறித்தன. உள்ளேயிருந்து பூப்போட்ட உறையோடு ஒரு தலையணை வெளியே வந்து, வாத்து போலக் கரையைப் பார்த்துப் புறப்பட்டது. பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். கோடையில் ஏரி நடுவிலும் தண்ணீர் இடுப்பளவுதான். இடுப்பும் இடுப்பளவுதான் இருந்தது.

"நாலு மாசமா டயட்டுடா. இப்படியே போனா நெஞ்சு தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா ஒல்லியான பேக்கரிக்காரன்கிட்ட எவன் கேக் வாங்குவான்? அதான் இளைச்ச இடத்தை ரொப்பிக்கிட்டே வந்தேன்."

சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

சித்தப்பா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். நெற்றி சுருங்கியது. "அப்போ பதினேழு குறையணும். படகு சாஞ்சதை வெச்சுக் கணக்குப் போட்டப்போ எனக்குப் பதினாறரைதான் வந்துச்சு. நம்பாம மடிச்சு வெச்சிட்டேன்."

"அந்த அரைக் கிலோவுக்கா இப்ப அழறீங்க?" என்றார் பல் டாக்டர்.

சித்தப்பா மெல்லத் திரும்பி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த தலையணையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தலையணை அரைக் கிலோ" என்றார்.

அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில், போர்டில் தப்பியிருந்த காய்களும் மிச்சமில்லை.

கடையில் பலகை ஏறவில்லை. அதை அறுத்துப் பேக்கரிக்காரர் இருக்கைக்கு அடியில் கொடுத்து, இருக்கையை ஏழு அங்குலம் வெளியே தள்ளிவிட்டார் சித்தப்பா. எடை குறைந்தவன் தள்ளி உட்கார வேண்டும்; தராசுக்காரனுக்குத் தெரியாததா? இப்போது பேக்கரிக்காரர் எண்பத்தெட்டு. பாதி உடம்பு ஏரிக்கு மேல் இருக்க, எட்டி எட்டித்தான் ஆடுகிறார்.

"இன்னும் பத்து கிலோ இளைச்சா நீங்க கரையிலேருந்துதான் அடிக்கணும்" என்கிறார் பல் டாக்டர்.

சித்தப்பாவின் கண் பழையபடி பிசகாமல் எடை சொல்கிறது. ஆனால் சொல்வதற்கு முன், ஆளின் வயிற்றில் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். கல்யாண வீடுகளில் அவர் கைகளும் பாக்கெட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சித்தி சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்.