மேசையைத் தட்டும் ஊர்

ஜெர்மனியில் கருத்தரங்கு முடிந்தால் யாரும் கை தட்டுவதில்லை. விரல்களை மடக்கி மேசையைத் தட்டுகிறார்கள். வந்த புதிதில் நான் பேசி முடித்ததும் அறை முழுக்க டக் டக்கென்று கேட்டபோது, போதும் நிறுத்து என்று விரட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். பள்ளியில் கணக்கு வாத்தியார் மேசையைத் தட்டினால் அடுத்தது அடிதான். "மன்னிக்கவும், நேரம் தாண்டிவிட்டேனா?" என்று கேட்டேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, "இல்லையே, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது" என்றார்.

நான் கோட்பாட்டு இயற்பியல் ஆள். புதிய குறைகடத்திகளுக்குள் எலெக்ட்ரான் அலை எப்படி ஓடும் என்று கணக்குப் போடுவது தொழில். நான் எடுத்துக்கொண்ட பொருளில் சிர்கோனியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது இருக்கிறது. அதைப் பிரிக்கிற வேலையில்தான் அப்பா இருந்தார். "நம்ம மண்ணப் படிக்கவா மக்கா அவ்ளோ தூரம் போன?" என்று போனில் கேலி செய்வார். ஒருநாள் அவருக்கு விளக்கினேன். படிகத்துக்கு முடிவே இல்லை என்று வைத்துக்கொள்வோம், ஆனால் கணினியில் ஒரு சின்னப் பெட்டிதான் அடங்கும், அதனால் வலது சுவர் வழியாக வெளியேறும் அலை இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும் என்று விதி வைப்போம் என்றேன். "போனது தானா திரும்பி வந்துருமா? அது கொள்ளாமே, நல்ல விதிதான்!" என்று சிரித்தார்.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்தபோது என் தங்கும் அனுமதி முடிந்திருந்தது, புதிய அட்டை வரவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்ப நுழைய முடியாது. அவசரம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கெஞ்சினேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று மருத்துவர் எழுதிய கடிதம் இருக்கிறதா?" சாவுக்கு யார் தேதி போட்டுக் கொடுப்பார்கள்? ஆனால் அவளைத் திட்டி என்ன பயன்? என்னை யாரும் கட்டி வைக்கவில்லை. நிரந்தர வேலைக்கான தேர்வு உரை நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் இருந்துவிட்டேன். "ஒருக்கா வந்துட்டுப் போவ ஒக்காதா மக்கா?" என்று அப்பா கேட்டபோது, "அடுத்த மாசம் வாறேம்ப்பா" என்றேன்.

உரை நாளன்றே அடக்கம். அறைக்கு வெளியே, நடைபாதையில் நின்று போனில் பார்த்தேன். அங்கே அக்கா போனைப் பிடித்திருந்தாள். "ஏலே, பெட்டிய மூடப் போறாவ, பாத்துக்கோ" என்றாள். ஜெபப் பாட்டுக்கு நடுவே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. போனை அணைத்துவிட்டு உள்ளே போய், வெளியேறும் அலை எப்படித் திரும்பி வரும் என்று அரைமணி நேரம் பேசினேன். முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அதே சத்தம்.

வேலை கிடைத்தது. வாரந்தோறும் கருத்தரங்கு நடக்கிறது, பேசியவர் முடித்ததும் எல்லோரும் தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். அப்பாவின் குழியில் மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை எனக்காக அக்காதான் போட்டாளாம். போட்டிருக்க வேண்டிய கை இங்கே மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.