மூலை நடவும் மீதிப் பாட்டும்

"மீதியையும் பாடு."

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி நான். அதற்காக யாரும் கொண்டாடவில்லை. "காலேஜ் வருது, பேச்சை நிறுத்துங்கடி" என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். பேச ஒரு ஆள் கிடையாது. எட்டு மாதம் அலைந்த பிறகு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும்.

அதற்குள் மூன்று நாள் நடவு வேலை. இப்போதெல்லாம் மிஷின்தான் நடுகிறது. மிஷின் திரும்ப முடியாத மூலைகளை மட்டும் கையால் நட வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல். ஏரிக்கரை ஓரக் கழனியில் நான் மட்டும்.

வியாழன், பகல் 12.10. ஒரு பெண் குரல். நடவுப் பாட்டு. அண்ணன் வீட்டை விட்டுப் போன ஒருத்தி ஏரியைச் சுற்றி நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள்... அவ்வளவுதான் கதை. கையில் நாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். 12.50க்குப் பாட்டு பாதி அடியில் நின்றது.

"யாரும்மா அங்க பாடறது?"

அம்மா போர்வையை விலக்கினாள். "கேட்டுக்கினு வந்துடு சுதா. மீதி பாடுன்னு மட்டும் கேக்காத."

"கேட்டா இன்னா?"

"மீதி கேட்டவதான் மீதி பாடணும். நடவுல அதான் வழக்கம்."

"எனக்குப் பாடவே வராதே."

"அப்ப வாயை மூடிக்கினு நடு."

வெள்ளி, 12.10. விட்ட அடியிலிருந்தே பாட்டு தொடங்கியது. பக்கத்துக் கழனியை எட்டிப் பார்த்தேன். மிஷின் நட்டு முடித்த கழனி. ஆள் இல்லை. ஒரு கொக்கு மட்டும்.

பயம் வரவில்லை. அதுதான் தப்பு.

சனி. குரல் கிட்டத்தில் வந்துவிட்டது. பாட்டில் நடந்தவள் இப்போது படித்தவள். பேச ஆள் இல்லாதவள்.

12.50.

"ஒத்தையில நடுறவளே, உன் பேரு..."

நின்றது.

நான் மீதியைக் கேட்டேன்.

தவளைச் சத்தம் அடங்கியது.

பின்கழுத்தில் ஈர மூச்சு.

"நீ பாடு."

திரும்பினேன். யாருமில்லை. எனக்குப் பின்னால் வரப்பு வரை புதிதாக ஒரு வரிசை நாற்று. நான் நடாதது.

சேற்றில் என் கால் தடம் மட்டும்.

ஞாயிறு, அம்மாவிடம் சொன்னேன். போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"போன வருசம் வெளியூர்லேர்ந்து நடவுக்கு வந்த தாயாரம்மாள் என் பக்கத்துல நின்னுக்கினு நட்டா. அவளும் மீதி கேட்டா. மறுநாள் ஆளைக் காணோம். அந்தக் குரல் அவதான்."

"நல்லா பாடுவாளா?"

"பிறவி ஊமைடி அவ. கையை ஆட்டித்தான் கேட்டா."

இன்று திங்கள். மணி 11.40. காலை பஸ்ஸை விட்டுவிட்டேன். ராத்திரியிலிருந்து மீதிப் பாட்டு என் வாயில் அடி அடியாக வருகிறது. அன்றைக்கு அது நின்ற இடத்தில் என் பேர் சரியாக உட்காருகிறது.

"எங்கடி போற?" அம்மா வாசலை மறித்து நிற்கிறாள்.

அவள் கையை விலக்கிவிட்டு இறங்குகிறேன். செருப்பு போடவில்லை. கழனியில் செருப்பு எதற்கு?