மேல்வீட்டுக்காரர் இறங்கி வருகிறார்

ஏணியில் கால் வைக்குமுன் கைக்குட்டையை உதறி உயரப் பிடிக்கிறார். அது துவண்டு தொங்கினால் ஒரு சிரிப்பு. படபடத்தால், "வாங்க சார், நீங்களும் வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று காற்றிடம் ஒரு விசாரிப்பு. பிறகு நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பதினாறு மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டுக்கு ஏறுகிறார்.

கிரேன் ஓட்டுபவர். கட்டட வேலையில் எல்லோருக்கும் 'மேல்வீட்டுக்காரர்'. கூண்டின் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுவார். கேட்டால், "வீட்டுக்குள்ள பூட்ஸோடயா வருவாங்க?" என்பார்.

முன்பு காற்றோடு மல்லுக்கு நின்றவர்தான். காற்று அளவை மீறினால் கூண்டில் சிவப்பு விளக்கு எரியும்; வேலையை நிறுத்திவிட வேண்டும். அவர் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். வேலை பிந்தினால் தன் தலையில்தான் விடியும் என்ற பயம். தூக்கத்திலும் கை லீவரைத் தேடும். "அந்தக் கிரேனை இறக்கி வச்சுட்டுத் தூங்குங்களேன்" என்பார் மனைவி.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், 'இன்னும் ஒரே ஒரு நடை' என்று விளக்கு எரிய எரியக் கம்பிக்கட்டைத் தூக்கினார். காற்று அதை ஊஞ்சலாக வீசியது. கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவரின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து, சாரத்தை நொறுக்கியது.

இறங்கி வந்து அந்தக் கம்பி கட்டுபவர்முன் நின்றார். "என்னை அடிச்சிடுப்பா."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "அடிச்சா காத்து நின்னுடுமாண்ணே? காத்து உங்க கையில இல்ல. தூக்குறதும் தூக்காததும்தான் உங்க கையில. உக்காருங்க முதல்ல." தன் டீயை நீட்டினார்.

அந்த ஒரு வாய் டீக்கு இவர் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. "அன்னைக்கு அவரு முழுசா வீட்டுக்குப் போனாரு. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்பார். இப்போது விளக்கு எரிந்தால் வேலை நின்றது. நன்றாகத் தூங்குகிறார், குறட்டைதான் தாங்கவில்லை என்பது மனைவியின் புதுப் புகார்.

போன வாரம் கடைசித் தளத்து வேலை. விளக்கு எரிந்தது. வாக்கி டாக்கியில் இன்ஜினியர் கத்தினார்:

"ரெண்டே நடைதான்யா! முடிச்சுட்டு இறங்குங்க."

"விளக்கு எரியுது சார். காத்து நின்னதும் ஏறிடறேன்."

"மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது? நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்!"

"போடுங்க சார். இந்தக் காத்துல தூக்க வேணாம்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

கொக்கியை மேலே ஏற்றினார். கிரேனின் நீண்ட கை காற்றின் போக்கில் சுழலட்டும் என்று பிரேக்கை விடுவித்தார். படி படியாக இறங்கி வந்தார்.

கீழே, கடுகடுத்த முகத்துடன் இன்ஜினியர் ஒரு பீப்பாயின்மேல் வரைபடத்தை விரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழுந்து அவர் முகத்திலேயே அறைந்தது. மேல்வீட்டுக்காரர் எதிரே போய் நின்றார். பறந்துகொண்டிருந்த மறுமுனையை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.