ஆமைக்குத் தண்ணீர் கேட்கப் போனது

எங்கள் தோட்டம் வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டி இருந்தது. தென்னையும் கொஞ்சம் கத்தரியும். கிணற்றில் ஓர் ஆமை உண்டு. அந்தப் பக்கம் கிணற்றில் ஆமை விடுவது வழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள். அதை வெளியே எடுத்தால் ஊற்று போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. நான் திண்டுக்கல்லில் அறிவியல் டீச்சர். ஆமைக்கும் ஊற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அத ஒங்க பள்ளிக்கூடத்துல போய்க் கேளு" என்று வாயை அடைத்துவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சியில் ஐப்பசி மழை அடுத்தடுத்து ஏமாற்றியது. தப்பித் தவறிப் பெய்தாலும் ஒரே நாளில் கொட்டி ரோட்டோடு ஓடிப்போனது. லீவு நாட்களில் கிணற்றை எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலை. தண்ணீர் இறங்க இறங்க, நான் பார்த்தேயிராத பாறையெல்லாம் வெளியே வந்தது. கிணற்றின் மேல் தொங்கிய கூடுகளைத் தூக்கணாங்குருவிகள் பாதியில் விட்டுப் போயின. கீழே தண்ணீர் இல்லையென்று அவற்றுக்கு யார் சொன்னது? கடைசியில் சேறுதான் மிச்சம். அதில் ஆமை முதுகு மட்டும் தெரியக் கிடந்தது. சேற்றுக்குள் எத்தனை காலம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன்.

தென்னையில் குரும்பை உதிர்ந்து, மட்டைகள் தொங்கிவிட்டன. இன்னும் கொஞ்ச நாள் போனால் மரம் தேறாது. பக்கத்துத் தோப்புக்காரர் போர் போட்டிருந்தார், தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவரிடம் கேட்கலாமே என்றால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நாம தண்ணி குடுத்த ஆளுக. கேக்குற ஆளுக இல்ல."

இந்த வீம்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று யார் கேட்டாலும், "அடியில கொஞ்சம் கெடக்கு" என்றே சொல்லி வந்தார்.

ஒருநாள் அம்மாவே இறங்கி வந்தார். "அது நம்ம கெணத்துல கெடந்து செத்தா பாவம். எங்கயாச்சும் தண்ணி பாத்து விட்டுட்டு வாங்க." அப்பா கிணற்றில் இறங்கி ஆமையை வாளியில் எடுத்து வந்தார். ஓடை தாண்டி ஒருவர் கிணற்றில் தண்ணீர் இருப்பதாகக் கேள்வி. நானும் கூடப் போனேன்.

பாதி வழியில் அந்தக் கிணற்றுக்காரரே எதிரே வந்தார். கையில் வாளி. வாளிக்குள் ஓர் ஆமை.

"ஒங்க கெணத்துல தண்ணி கெடக்குன்னு சொன்னாங்கண்ணே. அதான் கொண்டாந்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். பிறகு வாளியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"இல்லப்பா. எங்களுதும் வத்திப்போச்சு."

அதை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். என் சிரிப்பு நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் தோப்புக்காரரிடம் போனோம். போர் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஆமைக்காக என்று அப்பா அழுத்திச் சொல்லித்தான் கேட்டார். தோப்புக்காரர் இரண்டையும் வாங்கித் தொட்டியில் விட்டார். இரண்டும் கழுத்தை நீட்டி நீந்தின. எங்கள் ஆமையின் அடிவயிறு மஞ்சள் என்பதையே அவர் தூக்கி விட்டபோதுதான் பார்த்தேன்.

"ஆமைக்கு மட்டும் போதுமாண்ணே?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

அப்பா விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். காலி வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தென்னைக்கும் செத்த நேரம் விடுப்பா."