கம்பை வெட்டாத படங்கள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தான். எனக்கு இனி நித்திரை வராது.

ரதி அக்கா இறந்த செய்தி வந்தபோது பாலர் பாடசாலை வாசலில் அவனுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா விடிய எழும்பேல்லை" என்றார் அவருடைய தம்பி. அதற்கு முதல் நாளும் ஓடைக்குப் போய் வந்தவர்.

விபோர்க் நகரில் அவரை நம்மவர் எல்லோருக்கும் தெரியும். ஒன்றுகூடலென்றால் ஏன் அந்த ஓடைக்கரைக்கே கூட்டிப்போவார் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே ஒரு மதகு இருக்கிறது. ஓடைநீரில் ஒரு பங்கு அதன்வழியே வாய்க்காலில் இறங்கி, மேட்டைச் சுற்றி அடுத்த பள்ளத்தாக்கின் மீன்குளங்களுக்குப் போகிறது. ஓடையில் நட்டிருக்கும் அளவுக்கம்பின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் மதகைப் பூட்ட வேண்டும். குளக்காரரின் நீருரிமைக்கு அதுதான் நிபந்தனை. முதியோர் இல்ல வேலை முடிந்து, ஓடைச் சங்கத்துக்காக வாராவாரம் அதைப் பார்த்துப் பதிந்தவர் அக்கா.

"சோத்துப் பார்சலை அவிழ்க்க முதல் வாங்கோ, ஒரு படம் எடுப்பம்" என்று எங்களைக் கம்பருகே நிறுத்துவார். ஒருமுறை நான் ஓரங்களை வெட்டி அழகாக்கி அனுப்பினேன். உடனே அழைத்தார். "என்னடி, கம்பை வெட்டிப்போட்டாய்? என்ரை தலையை வெட்டினாலும் பரவாயில்லை!"

மகன் தண்ணீருக்குள் விழுந்துவிடுவான் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். "நீ கத்திற கத்திலை மீனெல்லாம் மற்றப் பள்ளத்தாக்குக்கு ஓடப்போகுது" என்பார். ஆனால் அவனுடைய ஜக்கெட் தொப்பியைப் பிடித்த கையை விடமாட்டார்.

இந்த ஜூலையில் ஓடை வற்றி மீன்குஞ்சுகள் செத்தன. மதகு பூட்டியிருந்தது என்கிறார் குளக்காரர். திறந்து கிடந்ததாக அக்கா என்னிடம் சொன்னார். ஜூலையில் அவர் பதிந்ததும் எடுத்த படங்களும் அவருடைய கைபேசியில். அதைத் திறக்க எங்களால் முடியவில்லை. அடுத்த மாதம் கொம்யூன், அதாவது நகரசபை, குளக்காரரின் அந்த நீருரிமையைப் புதுப்பிக்கப்போகிறது.

"அவர் சொன்னதை நீங்களே பதிந்துவிடுங்கள்" என்றார் சங்கத்தில் ஒருவர். மனம் வரவில்லை. முன்பொருமுறை தான் காய்ச்சலில் படுத்த வாரத்தை அக்கா வெறுமையாகவே விட்டிருந்தார். "காணாததை எப்பிடி எழுதிறது?" என்று கேட்டவர்.

அந்தக் கேள்வியும் ஒரு படமும்தான் என்னிடம் மிஞ்சியிருக்கின்றன. படத்தில் அக்காவின் பாதி முகம், முழுக் கம்பு. அது வசந்தத்தில் எடுத்தது, இதற்கு உதவாது.

ஜூலை ஒன்றுகூடலுக்கு வந்தவர்கள் உங்கள் கைபேசிகளைப் பாருங்கள். கம்பும் மதகும் தெரிகிற, வெட்டாத படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றாலும் இல்லையென்று கெதியாக, இந்த மாதத்துக்குள்ளேயே பதில் போடுங்கள்.