வடைப் பேணிக்குள் போன பந்து

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னியில், நார்த்மீட்டில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆங்கிலத்தில் 'தாங்க் யூ', 'சொறி', 'பிளீஸ்' மூன்றும் தெரியும். அந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவு வராது.

பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கத் தம்பதி. அந்த மனிதர் இவருடைய தொழிற்சாலைக்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். உயரமானவர், சத்தமானவர். மனைவி அவரைவிடச் சத்தம். நான் பேசாததைப் பற்றி அவர்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. என் பங்கையும் சேர்த்து அவர்களே பேசிவிடுவார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கின மாதிரி இங்கே எழுதுகிறேன். விளங்காததை இவர் பிறகு வீட்டில் விளங்கப்படுத்தியிருக்கிறார்.

இவருக்குக் கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அந்த ஊர்க் கழகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் விளையாடக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் போய், மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போவார். பலகையில் இலக்கம் மாற்றுவார். வெயிலில் கறுத்து வருவார். மெதுவாகச் சுழற்றிப் பந்து போடுகிறவர் இவர். நான் குசினியில் கறிக்கு அரிந்துகொண்டிருக்கும்போது தோடம்பழத்தை விரலால் சுழற்றிக் கைக்குக் கை எறிந்து பழகுவார்.

"புதுப் பந்து எனக்குச் சரிவராதப்பா. அது வேகமாப் போடுறவைக்கு. தேய்ஞ்ச பந்து ஒண்டு கையில வந்தா, வளைச்சுக் காட்டுவன்."

"முதல் அந்தத் தோடம்பழத்தை வையுங்கோ. அது சாப்பிடுற சாமான்."

ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்தவர், சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னார். "ஒருத்தனுக்குக் கால் பிசகிப்போச்சு. நாளைக்கு என்னை விளையாடக் கேட்டிருக்கினம். நாளைக்குச் சரியாப் போட்டாத்தான் இனியும் கூப்பிடுவினம். இல்லாட்டித் திரும்பவும் தண்ணிப் போத்தல்தான்." பிறகு மெதுவாக, "விளையாடுறவையின்ர பெண்டுகள் ரீக்கு, தேத்தண்ணியோட சாப்பிட, ஏதும் கொண்டு வரவேணுமாம்" என்றார்.

விடியவே எழும்பிக் கடலைப்பருப்பு வடை சுட்டேன். சூடு ஆறவிட்டு, பழைய பிஸ்கற் தகரப் பேணிக்குள் அடுக்கினேன். வாசம் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். அமெரிக்கர் வந்து எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, "நாங்களும் வாறம்" என்று எங்களைத் தங்கள் பெரிய காரில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க இவரின் மடியில் இருந்த கை, இல்லாத தோடம்பழம் ஒன்றைச் சுழற்றிக்கொண்டே வந்தது.

மைதானத்தில் அவுஸ்திரேலியப் பெண்கள் மடக்குக் கதிரைகளில் வரிசையாக இருந்து கம்பளி பின்னினார்கள். யாராவது நன்றாக அடித்தால் ஊசியை மடியில் வைத்துவிட்டு நாலு தரம் கை தட்டுவார்கள். எதிர்ப் பக்கத்து ஆள் அடித்தாலும் தட்டுவார்கள். பிறகு திரும்பப் பின்னுவார்கள். பக்கத்தில் நீள மேசை. சான்ட்விச், சொசேஜ் ரோல், தேங்காய்ப்பூ பிரட்டின கேக் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பொறுப்பு, கழகச் செயலாளரின் மனைவி. தொப்பி போட்ட, மெலிந்த அம்மா. அவ என் பேணி மூடியில் விரலை வைத்துச் சொன்னா: "ரீ நேரத்துக்கு முதல் ஒண்டும் திறக்கிறேல்லை." ஆங்கிலம் விளங்கியதோ இல்லையோ, விரல் விளங்கியது.

அமெரிக்கப் பெண் தன் பங்குக்கு ஒரு 'பை', மாவுக்குள் பூரணம் வைத்து வாட்டுகிற பண்டம், சுட்டுக்கொண்டு வந்திருந்தா.

"இது என்ன?" என்றா தொப்பி அம்மா.

"பூசணிக்காய்."

"இறைச்சியோடயோ?"

"இல்லை. சீனியும் கறுவாவும் போட்டது."

பூசணிக்காயை ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் அவண் அடுப்பில் வாட்டித் தின்கிற சனம். தொப்பி அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் தக்காளி சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தா. அமெரிக்கப் பெண் அதைத் தூக்கிக் கேக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தா. தொப்பி அம்மா சிரித்துக்கொண்டே திரும்பவும் சோஸ் போத்தலடியில் வைத்தா. பூசணிக்காயைக் கறியாக வைக்கிற எனக்கும் சீனி போட்டது புதினந்தான். பைக்கே இந்தக் கதி என்றால் வடைக்கு என்ன கதி? நான் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்தின் மற்றப் பக்கம், பற்றைச் செடிகளுக்குப் பின்னால், அமெரிக்கர் கதிரை போட்டிருந்த மரநிழலுக்குப் போய்விட்டேன்.

அவருக்கு ஒரு பக்கம் கோதோடு வறுத்த கச்சான் கடலைப் பை, மறுபக்கம் வெண்ணெய் ஊற்றின சோளப்பொரிப் பை. கோதை உடைத்துக் காலடியில் போட்டுக்கொண்டு, யார் ஓடினாலும் விசிலடித்தார்.

"இது எப்ப முடியும்?" என்று வழியால் போன ஒருவரைக் கேட்டார்.

"ஆறு மணிக்கு. நடுவில ரீ."

"ரீக்காக விளையாட்டை நிப்பாட்டுவீங்களோ?"

"நிப்பாட்டாமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

அமெரிக்கர் பதிலுக்குத் தன் மடியைக் காட்டினார். மடி முழுக்கப் பொரி.

எனக்கும் ஒரு கை கச்சான் அள்ளித் தந்தார். வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தொப்பி அம்மா இருந்த திசையைப் பார்த்துவிட்டு, பேணியைக் கொஞ்சம் திறந்து நீட்டினேன். ஒரு வடை, இரண்டாவது வடை. மூன்றாவதை எடுக்கும்போதுதான் கப்டன் பந்தை இவர் கையில் கொடுத்தார். நல்லாய்த் தேய்ந்த பந்து.

இவர் நாலு அடி நடந்து வந்து போட்டார். எதிர்ப் பக்கத்து ஆள் முழங்காலை நிலத்தில் குத்தி அடித்தான். பந்து வானத்தில் ஏறி, பற்றைகளைத் தாண்டி எங்களிடம் வந்தது. அமெரிக்கர் வடையை வாயில் கடித்தபடி எழும்பி வெறுங்கையால் பிடித்தார். பிடித்துவிட்டு அவர் போட்ட சத்தத்தை அங்கே யாரும் கவனிக்கவில்லை. காலையிலிருந்து போட்ட சத்தந்தானே.

அவர்கள் ஊர் பேஸ்போல் விளையாட்டில் சனத்துக்குள் வந்த பந்து பிடித்தவருக்குச் சொந்தமாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்களாம். அந்த மரியாதையை அவர் எனக்குத் தந்தார். "உங்கட மனுசன்ர பந்து. நீங்கள் வைச்சிருங்கோ" என்று வடைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, படம் பிடிக்கக் கமெரா எடுக்கக் காருக்கு ஓடினார். அதே நேரம் தூரத்தில் அந்த அம்மாவின் தொப்பி இந்தப் பக்கம் திரும்பியது. நான் டப்பென்று பேணியை மூடினேன்.

விளையாடுகிறவர்கள் வந்து பற்றைக்குள் தேடினார்கள். காலால் புல்லை விலக்கினார்கள். ஒருவன் என்னிடம் வந்து, "பந்தைக் கண்டனீங்களோ?" என்று கேட்டான். பேணியைத் திறந்தால் தொப்பி அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் கச்சான் கோதைப் பார்த்தபடி இருந்தேன். அவன் போய்விட்டான்.

நடுவில் கப்டன் பையிலிருந்து வேறு பந்தை எடுத்தார். சிவப்பாய்ப் பளபளத்தது. அடுத்த ஓவரைத் தான் போட, வேகமாகப் போடுகிற உயரமானவன் மேற்சட்டையைக் கழற்றத் தொடங்கினான். இவர் இரண்டு கையையும் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு தன் காலைப் பார்த்தார்.

மூன்று மாதம் தண்ணீர் சுமந்தவருக்குத் தேய்ந்த பந்தில் ஒரே ஒரு தரம்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. வெள்ளை எல்லைக் கோட்டைத் தாண்டியது தெரியும். சேலையைக் காற்று இழுத்தது. மைதானம் முழுக்க ஆண்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தார்கள். வெள்ளை அங்கி போட்ட வயதான நடுவரிடம் போய், "சொறி" என்று பேணியைத் திறந்து நீட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இதில எது பந்து?"

கப்டன் முதல் சிரித்தார். நடுவர் பந்தை எடுத்து, மணந்து, அங்கியில் துடைத்து இவரிடம் கொடுத்தார். பிறகு ஒரு வடையும் எடுத்தார். ரீ நேரத்துக்கு இன்னும் அரைமணி இருந்தது. நான் தொப்பி அம்மாவின் பக்கம் பார்க்கவே இல்லை. உயரமானவன் மேற்சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

இவர் அடுத்த பந்தைப் போட்டார். அடித்தவன் அது வளையும் என்று எண்ணித் துடுப்பை ஒரு பக்கம் கொண்டுபோனான். அது வளையவே இல்லை. நேரே போய்க் குச்சியை விழுத்தியது. அவுட்டாகிப் போனவனுக்கும் பெண்கள் நாலு தரம் கை தட்டினார்கள். கமெராவோடு ஓடிவந்த அமெரிக்கர் பொரிப் பையை வானத்தில் எறிந்தார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பந்தும் அவரிடம் பறந்து வந்தது. பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு எறிந்தார். அது நிலத்தில் படாமல் நடுவுக்கே போய்ச் சேர்ந்தது. அதற்கும் பெண்கள் தட்டினார்கள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

ரீக்கு வடை முதலில் முடிந்தது. பூசணிக்காய் பையில் ஒரு துண்டை நான் சாப்பிட்டேன், ஒரு துண்டை நடுவர் சாப்பிட்டார். அவர் அதற்குத் தக்காளி சோஸ் ஊற்றியதை அமெரிக்கப் பெண் காணவில்லை.

வீட்டுக்கு வந்து இவர் குசினிக் கதிரையில் இருந்தார். அடுத்த சனிக்கும் இவரின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"உமக்கு ஒண்டு சொல்லுறன். அந்தப் பந்து ஏன் வளையேல்லை தெரியுமே?"

"ஏன்?"

"வளைக்கத்தான் போட்டனான். வடை எண்ணெய், வழுக்கிப்போட்டுது." வெளியே அமெரிக்கரின் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த சனிக்கும் வடை சுடுவீரோ?"

"சுடுறன்," என்றேன். "ரீ நேரத்துக்கு முதல் மூடி கழற்றமாட்டன்."